செத்தாச்சரி அண்ணனும் றால் கறியும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் தேடினாலும் சாவை இவ்வளவு அலட்சியமாக நடத்துகிற மனிதர் இன்னொருவர் கிடைக்கமாட்டார். எங்கள் அலுவலக எலெக்ட்ரீசியன் அவர். செத்தால் எல்லாம் முடிந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்பது அவர் கட்சி. அதனால் ஊருக்கே அவர் ‘செத்தாச்சரி’ அண்ணன்.

செத்த வீடு என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். பந்தலுக்கு லைட் போடுவார், கதிரை சுமப்பார், தேத்தண்ணி கொடுப்பார். இவ்வளவும் செய்துவிட்டு, அழுது களைத்த சொந்தக்காரரிடம் போய், “லைட்ட நூத்தா வெளிச்சம் எங்க போகுது? எங்கயும் போகல்ல. செத்தா சரி” என்பார். ஆரையம்பதியில் ஒரு வீட்டில் அவரை எழுப்பியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் அதே வீட்டுக்குப் பந்தல் கழற்றப் போனார்.

எங்களோடு வேலை செய்யும் காத்தான்குடி சலீம் நானாவுக்கு இந்தக் கதை பொறுக்காது. அடக்கிய குழிக்குள்ளும் வானவர்கள் வந்து விசாரிப்பார்கள் என்று நம்புகிறவர் அவர்.

“அண்ணன், கபுறுக்குள்ள மலக்குமார் வந்து கேள்வி கேப்பாங்களே, அப்ப என்ன செல்லுவீங்க?”

“ஆள் இல்லையெண்டு செல்லுவன்.”

நானா ஒரு கிழமை அவரோடு பேசவில்லை.

போன வருடம் அண்ணனின் மனைவி தவறிவிட்டார். முப்பத்தோராம் நாள் நாவற்குடா வீட்டில் மகள் படையல் வைத்தாள். “செத்தவ எங்க திங்கிற?” என்று முணுமுணுத்தாலும், மகளின் ஆசைக்காக விட்டுவிட்டார். நானும் நானாவும் வாசலில் நின்றோம். இலையில் றால் கறி விழுந்ததும் மனிதர் பாய்ந்து வந்தார்.

“இத ஆரு வைக்கச் சொன்ன?”

மகள் அழுதுவிட்டாள். “அம்மாக்கு றால் எண்டா உசிர். மேல் தடிச்சுக் கடிக்கும் எண்டு நீங்க ஒரு நாளும் திங்க விடல்ல. இனி என்னப்பா, ஆசை தீரத் திங்கட்டுமே.”

“வேணாம் புள்ள. ராவைக்குக் கடிச்சா, முதுகு சொறிஞ்சு விட அங்க அவவுக்கு ஆரு இருக்கா?”

நான் நானாவைப் பார்த்தேன். இத்தனை வருட வாதத்தையும் வெல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். ஆனால் நானாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“மீன வைங்களேன், அண்ணன்” என்றார்.

“ஓம், மீன் ஒண்டும் செய்யாது” என்றவர், மகளிடம், “முள்ளெடுத்து வை” என்றார்.

இப்போதும் செத்த வீடுகளில் அண்ணன் அதே ‘செத்தா சரி’யைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். நானாவும் நானும், “ஓம் அண்ணன்” என்கிறோம். அந்த மனிதரை வாதத்தில் தோற்கடிக்க இனி எங்களுக்கு மனம் வராது.