ரெங்கம்மாள் குடியிருந்த புதன்கிழமை

இரண்டு கடிதங்களும் ஒரே புதன்கிழமையைக் குறிப்பிட்டிருந்ததுதான் காரியஸ்தர் மருதையனுக்கு நேர்ந்த சங்கடம்.

திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே அவர் பொறுப்பில் இருந்த பெரிய வீடு ஏழு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய பேய்க்கதையைப் படமாக்கவிருந்த சென்னை டைரக்டர் ஒருவர் அதைக் காலை பத்து மணிக்குப் பார்க்க வருகிறார். அவருக்கு ஆளற்ற வீடு வேண்டும். நில உச்சவரம்புத் தாசில்தார் பிற்பகல் இரண்டு மணிக்கு வருகிறார். அவருக்கு அதில் ரெங்கம்மாள் குடியிருக்க வேண்டும். ஏனெனில் மிராசுதார் குஞ்சிதபாதம், சட்டம் வந்தவுடன் பதினைந்து ஏக்கரைத் தம் அத்தை ரெங்கம்மாள் பெயருக்கு மாற்றியிருந்தார். அத்தை அதற்கு முன்பே காலமாகிவிட்டார் என்பது ஒரு சிறு குறை.

"ரெண்டுல எது கெட்டாலும் நாளைலேருந்து நீர் வர வேண்டாம்யா" என்று மிராசுதார் தன்மையாகச் சொல்லியிருந்தார். மருதையனுக்கு அது முப்பது வருட உத்தியோகம்.

சரியாகப் பத்து மணிக்குக் கூலிங்கிளாஸ் அணிந்த ஒருவர் வந்து, மத்தியானம் வேறு ஊரில் வேலை இருப்பதால் இப்போதே வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்றார். மருதையன் மாலையிட்டு வரவேற்றார். எந்த ஊரிலும் தமக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை என்று வந்தவர் நெகிழ்ந்துபோனார்.

"இங்க யாரும் குடியில்லையா?"

"ஈ காக்கா கிடையாதுங்க. ரெங்கம்மாள்னு ஒரு அம்மா இருந்தாங்க. இந்தக் கட்டில்லதான் உசுரு போச்சு. ஏழு வருஷமாச்சு. கொள்ளி வைக்கிறப்ப நானே கூட நின்னேங்க. இப்பவும் ராத்திரியில இருமுறாங்க."

வந்தவர் மிகுந்த ஆர்வத்துடன், இருமலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எழுதிக்கொண்டார். கீழே ஒரு கையெழுத்தும் கேட்டார். சினிமாவில் கதை சொன்னவருக்கு இவ்வளவு மரியாதையா என்று மருதையன் இனிஷியலோடு போட்டுக் கொடுத்தார்.

அவர் போனதும் வீடு உயிர்பெற்றது. ஒட்டடை போயிற்று, கோலம் வந்தது, அடுப்பு புகைந்தது. கொடியில் ஈரப்புடவை காய்ந்தது. களை பறித்துக்கொண்டிருந்த கிழவி காளியம்மாளை மருதையன் அழைத்து வந்து, வெள்ளைப் புடவை கொடுத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னார்.

அவள் யோசித்தாள். "அந்த அம்மாவா படுத்தா, நிலம் எனக்கு வந்துடுமாங்க?"

"வராது."

"படுக்கத்தான் நான், நிலத்துக்கு அவங்களா?" என்று கேட்டபடியே படுத்தாள்.

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. காக்கிக் கால்சட்டையும் தொப்பியுமாக இறங்கியவர், கோலத்தைக் கண்டதுமே முகம் சுளித்தார்.

"யாராவது இருக்காங்களா என்ன?"

"அம்மா எழுபது வருஷமா வாசப்படி தாண்டினதில்லைங்க."

நம்பவில்லையோ என்று அஞ்சி மருதையன் அடுப்பைக் காட்டினார். வந்தவர் முகம் இன்னும் வாடியது. வடாம் காய்வதைக் காட்டினார். அவர் பெருமூச்சு விட்டார். வேறு வழியின்றிக் காளியம்மாளையே எழுப்பி உட்கார வைத்தார். அவளோ காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வந்தவரைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரிக்கத் தொடங்கினாள்.

வந்தவர் கைகூப்பினார். "நீங்க நல்லா இருங்கம்மா. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மருதையனுக்குக் கண் கலங்கியது. நிலம் பிழைத்தது, உத்தியோகமும் பிழைத்தது. ஜீப்புக்குத் தண்ணீர் கேட்டு வந்த டிரைவர் மீரா உசேனுக்குத் தாமே கிணற்றில் இறைத்துக் கொடுத்தார்.

வாளியை வாங்கிக்கொண்டு மீரா உசேன் வருத்தத்தோடு சொன்னான்: "திருவையாத்துல டயர் வெடிக்காம இருந்திருந்தா, எங்க டைரக்டர் எழுதினபடி பத்து மணிக்கே வந்திருப்பாருங்க."