பையில் அகப்பட்ட அரிச்சுவடி

இந்தக் காலத்து ஜனங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். யாரைக் கேட்டாலும் எல்லாம் தெரிந்திருக்கிறது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வேண்டிய வாய் பல் வைத்தியரிடம் மட்டும்தான் திறக்கிறது. அப்படிப்பட்ட மேதைகள் நூற்றுப்பத்துப் பேர் உழைக்கும் உதிரிபாகக் கம்பெனியில், ஒன்றும் தெரியாத ஒரே ஆளாக வாசலில் உட்காரும் பாக்கியம் எனக்கு. சாயங்காலம் வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்து நோட்டில் எழுதுவது என் உத்தியோகம்.

கம்பெனிக் கணினிகள் எல்லாம் லினக்ஸ் என்ற ஏதோ புது மென்பொருளுக்கு மாறின. என் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு மேசைமேல் ஒன்றை வைத்தார்கள். திரை முழுக்க இருட்டு. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் நான் இதில் எழுதிக் காட்ட வேண்டும். தவறினால் வாசலுக்கு வேறு ஆள்.

எனக்காகவே கமிட்டி கூடியது. 'கடைக்கோடி மனிதனுக்கும் கணினி' என்று மேனேஜர் முக்கால் மணி நேரம் உருகினார். கணினிப் பிரிவுத் தலைவர் 'லினக்ஸ் அரிச்சுவடி' எழுதினார். ஒருத்தனுக்கு எதற்கு இருபது பிரதி என்று கேட்டேன். அதற்குக் குறைந்து அச்சகத்தில் போட மாட்டார்களாம். என் மேசையருகே அடுக்கி வைத்தார்கள்.

முதல் வரியே, 'வழக்கம்போல் டெர்மினலைத் திறக்கவும்' என்றது. அது என்ன என்று தலைவரிடம் கேட்டேன். ஆறாம் அத்தியாயம் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். 'இதை முதல் அத்தியாயத்திலேயே கற்றுவிட்டோம்' என்று இருந்தது.

"முதல் அத்தியாயம் யாருக்கு சார்?"

"தெரிஞ்சவங்களுக்கு, பெரியவரே."

"தெரிஞ்சவங்க எதுக்குப் படிக்கணும்?"

"தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுக்கத்தான்."

இதற்கிடையே அடுக்கு கரையத் தொடங்கியது. பத்தே நாளில் என் பிரதி மட்டும்தான் மிச்சம். மற்றவை சாயங்காலம் பைகளில் அகப்பட்டன. கணக்கரின் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், செய்தித்தாள் சுற்றி. பேரனுக்காம். கொள்முதல் அதிகாரியின் மழைக்கோட்டுக்குள். மச்சினனுக்காம். மேனேஜருக்கு அட்டையின் நிறம் பிடித்துவிட்டதாம்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். சோதனைக்கு முதல் பையாகத் தலைவர் தம்முடையதையே பெருமையாக நீட்டினார். திறந்தேன். அரிச்சுவடி இல்லை. வேறு யாரோ எழுதிய 'குழந்தைகளுக்கு லினக்ஸ்'. 'டெர்மினலைத் திறப்பது எப்படி' என்ற பக்கத்தின் மூலையை மடித்து, பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"ம், எழுதுங்க பெரியவரே" என்றார் மேனேஜர்.

"எதை அமுக்கணும்னு சொல்லுங்க சார். தலைவர் பையில குழந்தைப் புத்தகம் ஒண்ணுன்னு போடணும். அடுத்தது உங்க பை."

நூற்றுப்பத்து மேதைகளில் ஒருவர் விரலும் நீளவில்லை. பை சோதனைக்கு நோட்டுதான் 'பாதுகாப்பானது' என்று கமிட்டி நின்றபடியே தீர்மானம் போட்டது. நோட்டு திரும்பி வந்தது.

அந்தக் குழந்தைப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பக்கம் எனக்கே புரிந்தது. இரண்டு நாள் இரவல் கேட்டேன். தலைவர் புத்தகத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான் இன்னும் முடிக்கல பெரியவரே."

நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். அரிச்சுவடியின் இரண்டாம் பதிப்பு இன்னும் எளிமையாக வரும் என்று மேனேஜர் பின்னாலிருந்து ஆறுதல் சொன்னார். யார் எழுதப்போகிறார் என்று கேட்டேன்.

"தெரிஞ்சவர்தான்" என்றார்.

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.