பீரங்கி வாயில் போட்ட சோழி

நன்றி மறந்தவர்கள் வாழும் நாடுகள் எங்காவது இருக்கலாம். கடல்முகம் என்ற எங்கள் நாட்டை அந்த வரிசையில் யாரும் சேர்க்க முடியாது. எங்களுக்கு நன்றி சொல்வது பழக்கம், கடமை, சட்டம் மூன்றும். ஆண்டுக்கு ஒருநாள் எல்லோரும் கோட்டை முற்றத்தில் கூடி, மதிலைப் பார்த்துக் கைகூப்பி, "இன்றுவரை எதிரி வரவில்லை, நன்றி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். வாயை மட்டும் அசைத்து ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் எங்கள் வரியிலிருந்து போகிறது. அதற்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிடுவோம்.

கோட்டை எப்படி வந்தது என்று தெரியாமல் அதற்கு நன்றி சொல்வதில் அர்த்தமில்லை. ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆட்சித் தலைவருக்குப் பேரரண் நாயகர் என்று பட்டம். முதல் நாயகர் ஒரு காலையில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடல் காலியாக இருந்தது. இத்தனை காலியான இடத்தை எதிரி எவனும் விட்டுவைக்க மாட்டான் என்று அவருக்குப் பட்டது. யார் அந்த எதிரி என்று சபையில் ஒருவர் கேட்டாராம். வந்ததும் அவனிடமே கேட்டுக்கொள்ளலாம், முதலில் கோட்டை எழும்பட்டும் என்றார் நாயகர். கேட்டவர் பிறகு சபைக்கு வரவில்லை.

கோட்டைக்குக் கல் வேண்டும். எங்கள் கரைக்கு எதிரே கடலுக்குள் நீளமாக ஒரு பாறைத்திட்டு கிடந்தது. எவ்வளவு பெரிய அலையும் அதில் மோதி உடைந்து, கரைக்கு வரும்போது சாதுவாகத்தான் வரும். அந்தத் திட்டைப் பெயர்த்துத்தான் மதிலைக் கட்டினார்கள். அதன்பின் அலை நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. முன்பெல்லாம் கடலுக்கு நடந்து போக வேண்டியிருந்தது. இப்போது அது அடுப்படிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. கரையெங்கும் அலை புரட்டியதால் படகு ஒதுங்க ஒரே இடந்தான் மிஞ்சியது. அது கோட்டை மதிலின் அடிவாரம். வேறு எங்கே கரையேறினாலும் படகு இரண்டாகப் பிளக்கும்.

கல்லை ஒட்டவைக்கச் சுண்ணாம்பு போதாது. கடுக்காய், வெல்லம், முட்டை வெண்கரு எல்லாம் சேர்த்து அரைக்க வேண்டும் என்று கொத்தனார்கள் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு வந்து வாங்கிப்போனார்கள். மதில் முடியும்வரை எங்கள் பிள்ளைகள் முட்டையில் மஞ்சளை மட்டும் கண்டார்கள். வெல்லத்தில் அதையும் காணவில்லை. ஆனால் மதிலைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு வழவழப்பு. இனிக்குமா என்று நக்கிப் பார்த்த பிள்ளைகளும் உண்டு.

மதிலில் கடலைப் பார்த்து ஆறு இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பீரங்கி, கழுத்தைச் சற்றே தூக்கிக்கொண்டு. கடல் பக்கம் அகழி தேவையில்லை, கடலே இருக்கிறது என்றார்கள். எங்கள் தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் நல்ல ஆழமாக வெட்டினார்கள். வெடிமருந்துக் கிடங்கைப் பத்திரமாக இருக்கட்டும் என்று தரைக்கு அடியில் கட்டினார்கள். கடல் ஏறும் நாட்களில் உள்ளே தண்ணீர் கசிந்து மருந்து நனைந்துபோகும். அதனால் வெயில் காலத்தில் எங்கள் பெண்கள் அதைப் பாயில் கொட்டி வற்றல் காயவைப்பதுபோலக் காயவைக்க வேண்டும் என்று ஓர் ஆணை வந்தது. மருந்து காயும் நாட்களில் ஊரில் யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று அடுத்த ஆணை வந்தது. அந்த நாட்களில் பழைய சோற்றைத் தின்றோம். சோறு பழசாகும் அளவுக்கு மிஞ்சியதற்கு நன்றி சொன்னோம்.

எதிரி வரவில்லை. அடுத்த நாயகர் காலத்திலும் வரவில்லை. அதற்கடுத்தவர் காலத்தில் தேர்தல் என்ற ஒன்று வந்தது. ஓட்டுப் போடப் பெட்டி செய்ய மரமில்லை. இருந்த மரமெல்லாம் பீரங்கி வண்டிகளுக்குப் போயிருந்தது. அப்போதுதான் எங்களுக்கே உரிய அந்த வழக்கம் பிறந்தது. சும்மா கிடக்கும் பீரங்கிகளே பெட்டி. ஒரு வேட்பாளருக்கு ஒரு பீரங்கி. ஆளுக்கு ஒரு சோழி. யார் வேண்டுமோ அவருடைய பீரங்கி வாயில் சோழியைப் போட வேண்டியதுதான்.

மக்களின் வசதி கருதி நாயகர் தம்முடைய பீரங்கியை மட்டும் முற்றத்தின் பக்கம் திருப்பிவைத்தார். அதற்குப் படி உண்டு, பந்தல் உண்டு, மோரும் உண்டு. எதிரே மாடத்தில் நாயகரே அமர்ந்து, போடுகிறவர்களைப் பார்த்துத் தலையசைப்பார். அந்தப் பீரங்கியை யாரும் மறுபடி திருப்பிவிடக் கூடாது என்று அதன் வண்டியைச் சுண்ணாம்பு வைத்துத் தரையோடு கட்டிவிட்டார்கள். மற்ற ஐந்துக்கும் ஓட்டுப் போட வேண்டுமென்றால், மதில் இடைவெளியில் வயிற்றால் ஊர்ந்து, கீழே கடல் கொந்தளிக்க, பீரங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் வாய்க்குள் கையை விட வேண்டும். யாரும் தடுக்கவில்லை. தேர்தல் முழுச் சுதந்திரமாக நடந்தது.

எண்ணுவதற்கும் ஒரு முறை இருந்தது. முதலில் நாயகரின் பீரங்கி வாயைக் கீழே சாய்த்துக் கொட்டி எண்ணுவார்கள். அதில் சோழி இருந்தால் மக்கள் அவரை விரும்புகிறார்கள் என்பது உறுதியாகிவிடுகிறது. உறுதியான பிறகு மற்றதை எண்ணி நேரத்தை வீணாக்குவானேன்? மற்ற பீரங்கிகளில் விழுந்த சோழிகள் அங்கேயே கிடந்தன. அவற்றை யாராவது திருடிவிடுவார்களோ என்று சட்ட மந்திரி இளந்திரையனார் கவலைப்பட்டார். எந்தப் பீரங்கியிலிருந்து எந்தக் காரணத்துக்காகச் சோழியை வெளியே எடுத்தாலும், அதை மக்கள் முன்னிலையில் எண்ணி அறிவிக்க வேண்டும், அறிவித்ததே முடிவு என்று ஒரு சட்டம் எழுதினார். அவர் வாழ்நாளில் எழுதியதில் அவருக்கு மிகவும் பிடித்த சட்டம் அது. விருந்துகளில் அதை ஒப்பித்துக் காட்டுவார்.

இனி வடிவக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீன் விற்கிறவள். அவளுடைய அப்பா ஒவ்வொரு தேர்தலிலும் மூன்றாம் பீரங்கிக்கு ஊர்ந்து போய் ஓட்டுப் போட்டவர். எண்ணாத ஓட்டை எதற்கய்யா போடுகிறீர் என்று ஊரே கேலி செய்யும். நானும் செய்திருக்கிறேன். "போட்டாச்சு, அது அங்க கெடக்கும்" என்பார், அவ்வளவுதான். அவர் போன பிறகு வடிவக்காவும் அவள் புருஷன் மாசிலாமணியும் அதே மாதிரி ஊர்ந்தார்கள். அவர்களைப் போல இன்னும் பலர். சிலர் கால் வழுக்கிக் கடலில் விழுந்து நீந்தி வந்து, ஈரத்தோடு மறுபடி ஏறிப் போய்ப் போட்டதும் உண்டு.

சென்ற நன்றி நாளில்தான் அது நடந்தது. மீன் கண்ட பருவம் என்பதால் ஆண்கள் விடியுமுன்பே கடலுக்குப் போய்விட்டார்கள். பெண்களும் மற்றவர்களும் முற்றத்தில் கூடினோம். மாடத்தில் நாயகர். பக்கத்தில் கோட்டை மந்திரி திருமேனியார் எழுந்து நின்று உரையாற்றினார்.

அவர் சொன்னதன் சாரம் இது. இவ்வளவு பெரிய கோட்டை இருந்தும் எதிரி இல்லை என்பது கோட்டைக்கு இழுக்கு. அண்டை நாட்டவர் சிரிக்கிறார்கள். ஆராய்ந்து பார்த்ததில் எதிரி என்பவன் யார் என்று அரசு கண்டுபிடித்துவிட்டது. கடலிலிருந்து கோட்டையை நோக்கி வருகிறவன் எவனோ அவனே எதிரி. இன்றுமுதல் கடலுக்குப் போவது குற்றமில்லை, திரும்பி வருவதுதான் குற்றம். நன்றி நாளின் சிறப்பாக, முதலில் வரும் எதிரியை இன்றே சுட்டுக் காட்டப் போகிறோம். மருந்தை நன்றாகக் காயவைத்துக் கொடுத்த தாய்மார்களுக்கு அரசின் பாராட்டுகள்.

கூட்டம் பழக்கத்தில் "நன்றி" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

வடிவக்கா மதிலுக்கு ஓடினாள். நாங்களும் ஓடினோம். தூரத்தில் பாய்கள் தெரிந்தன. மதிய அலை ஏறுமுன் கரை சேர வேண்டும் என்று எல்லாப் படகுகளும் கோட்டை அடிவாரத்தை நோக்கியே வந்துகொண்டிருந்தன. முதல் படகின் பாயில் நீல ஒட்டுத்துணி. அதைத் தைத்தவள் வடிவக்கா. அவள் காயவைத்த மருந்துதான் அன்று கிடங்கிலிருந்து மேலே வந்தது. அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாயையே பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பீரங்கிப் படைத் தலைவர் ஆவுடையப்பர் ஆட்களை ஏவினார். மூன்றாம் பீரங்கியைக் கயிறு கட்டிப் பின்னுக்கு இழுத்தார்கள். மருந்துப் பொட்டலத்தை வாயில் வைத்து, கம்பால் உள்ளே தள்ளினார்கள். கம்பு ஒரு முழங்கூடப் போகவில்லை. இருவர் சேர்ந்து இடித்தார்கள். உள்ளே கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நான்காவதிலும் அதே கதை. ஐந்தாவதில் வாய் விளிம்புவரை வெள்ளையாகத் தெரிந்தது.

"என்ன தாமதம்?" என்றார் மந்திரி.

"கம்பு உள்ள போக மாட்டேங்குதுங்க. முழுக்கச் சோழி," என்றார் ஆவுடையப்பர். "மருந்து வைக்க இடமே இல்லைங்க."

மந்திரி சற்றும் தளரவில்லை. நாயகரின் பீரங்கி ஒவ்வொரு முறையும் எண்ணிக் காலி செய்யப்பட்டதுதானே, அதைக் கொண்டு சுடுங்கள் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சுத்தமாகத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. படைக்கு ஆணை என்றால் ஆணை. அந்தப் பீரங்கிக்கு மருந்தைச் சுமந்துகொண்டு இருவர் புறப்பட்டார்கள். அது நேராக மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாயகர் அதைப் பார்த்தார். பிறகு மந்திரியைப் பார்த்தார். அந்த யோசனை வேண்டாம் என்று மெல்லிய குரலில் சொன்னார்.

"அப்படியானால் மற்றவற்றிலிருந்து சோழியைக் கொட்டிவிட்டு மருந்தை நிரப்புங்கள்," என்றார் மந்திரி.

இந்த இடத்தில்தான் சட்ட மந்திரி இளந்திரையனார் எழுந்தார். அவருக்குப் படகும் தெரியாது, வடிவக்காவும் தெரியாது. தம் சட்டத்தை முதன்முறையாக ஒருவர் மீறப் போகிறார் என்பது மட்டும் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு முழுதும் ஒப்பித்தார். எந்தக் காரணத்துக்காக எடுத்தாலும் எண்ண வேண்டும். மக்கள் முன்னிலையில் எண்ண வேண்டும். மக்களும் முன்னிலையில்தான் இருக்கிறார்கள், வசதியாகப் போயிற்று என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆட்கள் கையில் கம்போடு நின்றார்கள். நீல ஒட்டுப் போட்ட பாய் நெருங்கிக்கொண்டிருந்தது. மாசிலாமணி எங்களைப் பார்த்துக் கையசைப்பதுகூடத் தெரிந்தது. எல்லோரும் வந்து தம்மை வரவேற்பதாக நினைத்திருக்கிறார், பாவம்.

வடிவக்கா மதிலைவிட்டு இறங்கி வந்தாள். முற்றத்தில், பின்னுக்கு இழுத்திருந்த மூன்றாம் பீரங்கிக்கு எதிரே, முந்தானையை விரித்துத் தரையில் உட்கார்ந்தாள். அவள் குரல் மாடம்வரை கேட்டது.

"கொட்டுங்கய்யா. எண்ணுங்க. எங்கப்பா போட்டதுலேருந்து எண்ணுங்க. நாங்க இருக்கோம்."

அவள் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் நின்றவர் யாருமில்லை. நானும் உட்கார்ந்தேன். யாரும் கோஷம் போடவில்லை. எண்ணுவதைப் பார்க்க வந்தவர்கள்போல் அமைதியாக இருந்தோம்.

நாயகர் ஐந்து பீரங்கிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எவ்வளவு காலம், எத்தனை தேர்தல், எவ்வளவு பேர் ஊர்ந்து போய்ப் போட்டது. எண்ணி முடித்தால் அறிவித்ததே முடிவு. அவர் முகத்தில் வியர்வை பொடித்ததை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். திருமேனியாரின் காதில் ஏதோ சொன்னார்.

மந்திரி அறிவித்தார். வருகின்றவை படகுகள் என்று அரசின் கூரிய கண்கள் கண்டறிந்துவிட்டன. எதிரி கோட்டையின் தோற்றத்தைக் கண்டே அஞ்சி, வழியிலேயே திரும்பிவிட்டான். இது மாபெரும் வெற்றி. மக்கள் நன்றி கூறிக் கலைந்து செல்லலாம்.

"நன்றி" என்றோம். வாழ்நாளில் முதல்முறையாக அதை மனசாரச் சொன்னோம். மாடத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மாசிலாமணி கரையேறியதும் வடிவக்கா அவரை நாலு திட்டு திட்டினாள். ஏன் திட்டுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே திட்டினால் யாருக்குத்தான் புரியும்? கூடையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. அன்று ஊரெல்லாம் அடுப்பு எரிந்தது.

சோழியை இரகசியமாக எடுத்துவிடலாமா என்று பிறகு அரண்மனையில் ஆலோசித்தார்களாம். இளந்திரையனார் பீரங்கிகளுக்கு அருகிலேயே கட்டில் போட்டுப் படுத்துவிட்டார். சட்டத்தைத் திருத்தலாம் என்றால் அதற்கு ஒரு தேர்தல் நடத்த வேண்டும். தேர்தல் என்றால் இன்னும் சோழி. அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். இளந்திரையனாருக்கு நாங்கள் செய்த நன்றி என்னவென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அவர் வீட்டு வாசலில் யாரோ தினமும் மீன் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த தேர்தலும் வந்தது. நாயகரின் பீரங்கியில் சோழி இருந்தது, அவரே வென்றார். அதில் வியப்பில்லை. ஆனால் அன்று மோர்ப் பந்தலில் கூட்டம் குறைவு. மதில் இடைவெளிகளில் காலையிலிருந்து வரிசை நின்றது. நானும் முதல்முறையாக வயிற்றால் ஊர்ந்து போனேன். கீழே கடல் உறுமியது, வடிவக்காவின் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. நன்றி சொல்ல மட்டும் வழி இருந்தது.

மூன்றாம் பீரங்கியில் இடம் அதிகமில்லை. சோழியை விளிம்பில் வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டு வந்தேன்.