தண்ணீர்ப் பந்தலில் நான் காய்ச்சிய கஷாயம்

உடம்புக்கு நல்லது என்று ஒருவன் எதையாவது கண்டுபிடித்துவிட்டால், அவன் உடம்பு தேறுகிறதோ இல்லையோ, பக்கத்தில் இருப்பவர்களுக்கு நிம்மதி போய்விடும். இதை நான் தைரியமாகச் சொல்லலாம். அந்த ஒருவன் நான்தான்.

அந்த வருடம் எனக்குச் சளி விட்டபாடில்லை. ஜுரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர் வேலை. உள்ளே ஏர்கோன் குளிர், வெளியே வந்தால் மண்டையைப் பிளக்கும் வெயில். மாதத்துக்கு ஒரு காய்ச்சல். "எதிர்ப்பு சக்தி கம்மி லா உங்களுக்கு" என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து ஆள் மாறிப்போனேன். காலையில் தாவரவியல் பூங்காவில் நடை, நேரத்தோடு தூக்கம், டீயில் இஞ்சி, பாலில் மஞ்சள், பால்கனியில் ஆறு தொட்டி துளசி. சளி குறைந்தது உண்மை.

அதோடு நின்றிருக்கலாம். நான் உபதேசம் செய்யத் தொடங்கினேன். லிஃப்டில் யாராவது தும்மினால் சட்டைப்பையிலிருந்து துளசி இலையை எடுத்து நீட்டினேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் ஒரு மூலிகைக் குறிப்பு போட்டேன். என் மனைவி கோமதி என்னை மியூட் செய்து வைத்திருந்தாள் (பக்கத்துத் தலையணையில் படுத்துக்கொண்டே).

இங்கே கோமதியின் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுனில் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்கும் அரசாங்க வேலை மாப்பிள்ளைதான் வேண்டும் என்றிருந்தார். மகள் ஒற்றைக்காலில் நின்று என்னைக் கட்டிக்கொண்டாள். மாமா கல்யாணத்தை நன்றாகவே நடத்தி வைத்தார். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட என்னை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. நான் அவருக்குத் 'தம்பி'. வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்ய வந்தவரும் அவருக்குத் தம்பிதான். எங்கள் இருவருக்கும் ஒரே மரியாதை, காப்பி மட்டும் ரிப்பேர்காரருக்கு முதலில் வரும்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலை, ரதம் வரும் வழியில், வீட்டு வாசலில் மாமா தண்ணீர்ப் பந்தல் போடுவார். வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களுக்கு ஐஸ் போட்ட சிராப். ரோஸ் நிறத்தில் ஜில்லென்று இருக்கும். அந்த வருடம் அவருக்கு முழங்கால் வலி. கோமதியிடம் சொன்னார்: "இந்த வருஷம் தண்ணிய தம்பி பாத்துக்கட்டும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இதில் பேர் வாங்கிவிட்டால் மாப்பிள்ளை ஆகிவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. புத்தியுள்ளவன் சிராப்பைக் கலக்கி ஐஸைப் போட்டிருப்பான். நான் யோசித்தேன். சீனி, சாயம், ஐஸ், மூன்றும் எதிர்ப்பு சக்திக்கு எதிரி. இத்தனை கூட்டம் ஒரே இடத்தில் சேருகிறது. அத்தனை பேருக்கும் ஒரே காலையில் சக்தியை ஏற்றி விட்டால் என்ன?

நிலவேம்புக் கஷாயம் என்று முடிவு செய்தேன். (மலாய்க்காரர்கள் அதை 'ஹெம்பெடு பூமி' என்பார்கள். பூமியின் பித்தம் என்று அர்த்தம். அதைக் கேட்டாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) போனில் வந்த குறிப்பில் ஒரு கப்புக்கு ஒரு சின்னப் பிடி பச்சை இலை என்று இருந்தது. பாசாரில் காய்ந்த இலைதான் கிடைத்தது. முன்னூறு கப்புக்கு முன்னூறு பிடி. ஸ்டோர்கீப்பர் அல்லவா, பெருக்கலில் பிழையே இல்லை. பச்சை இலை காய்ந்தால் எவ்வளவு சுருங்கும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. முதல் நாள் மதியம் மாமா வீட்டுப் பின்கட்டில் இரண்டு அண்டாவில் மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டேன். அண்டா பாதியாக வற்றியது. சத்து இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோமதி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "ஏங்க, ஒரு வாய் குடிச்சுத்தான் பாருங்களேன்."

"சாமிக்குப் படைக்கிறத முன்னாடி ருசி பாக்கலாமா? உங்க வீட்டு வழக்கம்தானே."

அது உண்மை. ரதத்துக்கு முதல் கப்பைப் படைக்கும்வரை அந்த வீட்டில் ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாது. இத்தனை வருடமும் அந்த வழக்கத்தால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அதுவரை காய்ச்சியவன் நானில்லை.

மறுநாள் காலை ரதம் வந்தது. மாமா தட்டில் தேங்காய் பழத்தோடு முதல் கப்பை வைத்துப் படைத்தார். கப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, கறுப்பா இருக்கு?"

"பனைவெல்லம் போட்டிருக்கேன் மாமா. உடம்புக்கு நல்லது."

ரதம் நகர்ந்ததும் கரண்டியோடு நின்றேன். முதலில் வந்தவர் மஞ்சள் வேட்டி கட்டிய ஆஜானுபாகுவான மனிதர். தண்ணீர்ப் பந்தலில் யாரும் உறிஞ்சிக் குடிப்பதில்லை. நல்ல தாகத்தில் அண்ணாந்து ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொள்வார்கள். அவரும் அப்படித்தான் கவிழ்த்தார். முகம் அஷ்டகோணலாயிற்று. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே," என்றார் மெதுவாக, "நான் என்ன தப்பு பண்ணேன்?"

அவருக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் துப்பினார்கள். ஒரு சின்னப் பெண் "அம்மா, மருந்து" என்று அழுதாள். வரிசை அப்படியே கலைந்து, எதிரே சீனர் ஒருவர் தம் கடை முன்னால் போட்டிருந்த பந்தலுக்குப் போய்விட்டது.

கோமதியின் தங்கை ரேவதி ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்டாவை எட்டிப் பார்த்ததும் மூடியைப் போட்டுவிட்டாள். "அத்தான், பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க வருவாங்க, வயித்துல புள்ளையோட வருவாங்க. யாரு என்னன்னு தெரியாம எல்லாருக்கும் மருந்து குடுக்க நீங்க யாரு?"

நூறு மூலிகைக் குறிப்பு போட்ட நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

உறவுக்காரர்கள் சூழ்ந்துவிட்டார்கள். மாமாவின் பழைய அலுவலக நண்பர் ஒருவர் கப்பைத் தூர நீட்டிப் பிடித்தபடி, "யாருப்பா இதக் காய்ச்சினது?" என்று கேட்டார். மாமா காலை இழுத்து இழுத்து வந்தார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. இன்றோடு அந்தத் 'தம்பி'யும் போயிற்று என்று நினைத்தேன்.

மாமா மேசையிலிருந்து ஒரு கப்பை எடுத்தார். எல்லாரும் பார்க்க, கடைசிச் சொட்டுவரை குடித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. காது இரண்டும் தனியாக அசைந்ததை நான் பார்த்தேன். கப்பைக் கீழே வைத்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க மாப்பிள்ளை காய்ச்சினது. நல்ல மனசோட செஞ்சாரு."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கோமதியைக் கிட்டே கூப்பிட்டு, ஒரு துண்டு வெல்லம் இருக்கிறதா என்று ரகசியமாகக் கேட்டார்.

நான் அழுதுவிட்டேன். (கற்பூரப் புகை என்று எல்லாரிடமும் சொன்னேன். யாரும் நம்பவில்லை.) எதிர்க் கடைச் சீனப் பெரியவர், கேட்காமலே, ஒரு பெட்டி சிராப்பும் ஐஸும் கொடுத்தனுப்பினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் பந்தலிலும் ரோஸ் நிறம் ஓடியது. பிறகு அவரே வந்து கஷாயத்தில் ஒரு வாய் ருசி பார்த்தார். பத்துப் பங்கு தண்ணீர் விட்டிருந்தால் குடித்திருக்கலாம் என்று மலாயில் ஆறுதல் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு தைப்பூசத்திலும் ரதம் நகர்ந்ததும் முதல் கப் சிராப்பை நான்தான் குடிக்க வேண்டும். குடும்பமே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் சிரித்தால்தான் வரிசைக்குக் கொடுப்பார்கள்.

மூலிகைக் குறிப்பு போடுவதை விட்டுவிட்டேன். இஞ்சி டீயும் தூக்கமும் நடையும் இருக்கின்றன. காலை நடைக்கு இப்போது மாமாவும் வருகிறார். டாக்டர் முழங்காலுக்கு மெதுவாக நடக்கச் சொல்லியிருக்கிறார். அவர் என் தோளைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கையின் கனத்தை உணரும்போதெல்லாம், அந்தக் கசப்பை அவர் முழுதாகக் குடித்தது ஞாபகம் வந்து, மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன். பூங்கா வாசலில் தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் மாமா நின்று என்னை அறிமுகப்படுத்துவார். எத்தனையோ முறை சொல்லியாயிற்று, ஒரு சொல் மாறாது.

"இவருதான் எங்க மாப்பிள்ளை. தங்கமான பிள்ளை. குடிக்க எதுனா குடுத்தா மட்டும் வாங்கிடாதீங்க."