மறக்க முடியாத ஓட்டல்

"இங்க வேணாம்பா" என்றாள் மகள், லிஃப்டுக்குள் ஒரு காலை வைத்த பிறகு.

கண்ணாடிக்கடைக்காரர் அவளை நம்ப முடியாமல் பார்த்தார். அந்தக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது சுழலும் ஓட்டல். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்குள் ஊரையே ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். அதில் ஜன்னலோர மேசை பிடிக்க அவர் படாத பாடு பட்டிருந்தார். கடைசியில் மேலாளருக்குக் கிட்டப்பார்வையா தூரப்பார்வையா என்று போனிலேயே விசாரித்து, இலவசமாக ஆலோசனை சொல்லி, ஆளைச் சிநேகம் பிடித்துத்தான் காரியத்தைச் சாதித்தார்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"அம்மாவுக்குத் தலை சுத்தும்."

"எனக்கா?" என்றாள் அவர் மனைவி. "நான் ராட்டினத்துல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டவடி."

"அது அந்தக் காலம். இப்ப வயசாச்சும்மா."

வயசு என்ற வார்த்தை வந்ததும் மனைவியின் முகம் சுருங்கியது. விறுவிறுவென்று வெளியே நடந்தாள். வாசலில் நின்ற சீருடைக் காவலாளி மட்டும் மகளைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து ஒரு சலாம் போட்டார். பெரிய ஊர் என்றால் பெரிய ஊர்தான், முன்பின் தெரியாதவர்களுக்கே என்ன மரியாதை என்று கண்ணாடிக்கடைக்காரர் வியந்தார்.

வெறும் சாப்பாடு என்றால் அவரும் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார். மகளுக்குப் பார்த்திருக்கும் பையனையும் அவன் அம்மாவையும் முதன்முதலாகச் சந்திக்கும் சாப்பாடு இது. மகளும் பையனும் இதே ஊரில்தான் வேலை பார்த்தார்கள்; ஆனால் வேறு வேறு கம்பெனி. பையனைக் கண்டுபிடித்த பெருமை முழுக்கக் கண்ணாடிக்கடைக்காரருடையது. கல்யாண வலைத்தளத்தை மகள்தான் போனில் திறந்து கொடுத்தாள். திறந்ததும் முதலில் நின்ற முகமே இவருக்குப் பிடித்துப்போயிற்று. எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிற மகள், அன்றைக்கு "உங்க இஷ்டம்பா" என்றுவிட்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்கு முன்னால் பேசிய சம்பந்தம் ஓட்டலில்தான் முறிந்தது. கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஒரு சாதாரண இடத்துக்கு அழைத்துப் போனார். பையனின் அப்பா சூப்பைக் காட்டி, "இதுல ஈ கிடக்கு" என்றார். "ஈ இல்லீங்க, மிளகு" என்று இவர் அடித்துச் சொன்னார். மிளகு பறந்துபோயிற்று. கண்ணாடி விற்கிறவருக்கே கண் தெரியவில்லை என்று அந்தக் குடும்பம் ஊர் முழுக்கச் சொன்னதில், வியாபாரமே கொஞ்ச நாள் படுத்துவிட்டது.

அதனால் இந்தத் தடவை எதையும் விதியின் கையில் விடுவதாக இல்லை. பல வாரங்களாக இரவு பகல் பாராமல் போனில் விமர்சனங்களைப் படித்தார். ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே இருந்த எதையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு கிண்ணம் சூப் குடித்தவர் ஞானம் கிடைத்ததுபோல எழுதியிருந்தார். இன்னொருவர் ரொட்டியைக் கடித்ததும் தன் தகப்பனாரை மன்னித்துவிட்டாராம். சாப்பாடு எப்படி இருந்தது என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

பையனும் அவன் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கணவர் போன பிறகு தனியாளாக மகனை வளர்த்தவர். அவர் சும்மா பார்த்தாலே எதிரில் இருப்பவர் சட்டைப் பொத்தானைச் சரி பார்த்துக்கொள்வார். கண்ணாடிக்கடைக்காரரும் பார்த்துக்கொண்டார். ஒன்று மாறிப் போட்டிருந்தது.

பையன் காவலாளியைக் கண்டதும் சட்டென்று அம்மாவின் குடைக்குப் பின்னால் நகர்ந்தான். "மாமா, வேற எங்கயாவது போலாமே. எனக்கும் சுத்தினா ஒத்துக்காது."

வாய் நிறைய மாமா என்கிறானே! கண்ணாடிக்கடைக்காரர் உருகிப்போனார். ஜன்னலோர மேசையைக் கைகழுவிவிட்டுப் போனைத் திறந்தார்.

"பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. இருட்டு ஓட்டல். விளக்கே கிடையாதாம். கும்மிருட்டுல சாப்பிடணும். அப்பத்தான் ருசி தெரியுமாம். அஞ்சு நட்சத்திரம்."

"விளக்கே கிடையாதா?" என்றாள் மகள்.

"யார் முகமும் யாருக்கும் தெரியாதாமா?" என்றான் பையன்.

"தெரியவே தெரியாது!"

"சூப்பர்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ரயில் விளையாட்டுப்போல வரிசையாக உள்ளே போனார்கள். உள்ளே தன் கையே தனக்குத் தெரியவில்லை. யாரோ இழுத்து உட்கார வைத்தார்கள். யாரோ முன்னால் கிண்ணத்தை வைத்தார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து மகளும் பையனும் கிசுகிசுப்பதும் அடக்க முடியாமல் சிரிப்பதும் கேட்டன. அதுக்குள்ள எப்படி ஒட்டிக்கிச்சுங்க என்று அவர் மனம் குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் பக்கத்திலிருந்த மனைவியின் பக்கம் சாய்ந்தார்.

"இங்க பாரு, பையன் சொக்கத் தங்கம். அந்த அம்மாவைப் பார்த்தாத்தான் வீட்டுப்பாடம் எழுதாம வந்த மாதிரி இருக்கு எனக்கு."

அவர் இன்னும் கொஞ்சம் நெருங்கிச் சாய்ந்தார்.

"சிரிச்சா யாராவது மார்க்கைக் குறைச்சிடுவாங்கன்னு பயமா அவங்களுக்கு? நம்ம பொண்ணு எப்படித்தான் காலம் தள்ளப் போறாளோ. என்ன, நான் சொல்றது காதுல விழுதா?"

"நல்லா விழுது" என்றார் தலைமையாசிரியை.

மேசையின் மறுகோடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, யார்கிட்டங்க பேசிட்டிருக்கீங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் முழங்கை எதிலோ இடித்தது. ஏதோ கவிழ்ந்தது. யாரோ "அம்மா!" என்றார்கள்.

வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் சேதம் தெரிந்தது. தலைமையாசிரியையின் மடியிலிருந்து காலணிவரை பச்சை நிறத்தில் சூப் வழிந்துகொண்டிருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இவரை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தாலும் தேவலை.

"நல்லா மறக்க முடியாத இடமாத்தான் பார்த்தீங்க" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

செய்த தப்பைப் பெரிதாக ஒன்றைச் செய்துதான் அழிக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. ஆற்றின் மேல் மிதக்கிற படகு ஓட்டல் ஒன்றைப் போனில் பார்த்து, எல்லோரையும் ஓட்டமும் நடையுமாகக் கரைக்குக் கூட்டிப் போனார். வெள்ளை மேசை விரிப்பு, பூச்சாடி, வயலின் வாசிக்கிற ஒருத்தர். எல்லாம் கரையிலிருந்தே தெரிந்தது.

"ஐயோ மாமா, இன்னிக்கு இங்க பூச்சி மருந்து அடிக்கிறாங்க" என்றான் பையன்.

"உள்ள ஆளுங்க சாப்பிடுறாங்களே தம்பி?"

"அவங்க... பூச்சி மருந்து கம்பெனிக்காரங்க."

"வாசல்ல நிக்கிறவர் நம்மளைப் பார்த்துக் கையாட்டுறாரே?"

"உள்ள வராதீங்கன்னு ஆட்டுறாருப்பா" என்றாள் மகள், ஏற்கனவே திரும்பி நடந்தபடி.

அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. இருந்தது ஒரே குடை. அதை யார் யாருக்குக் கொடுப்பது என்ற உபசாரத்தில் ஐந்து பேருமே நனைந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் நனைந்த விரலால் போனைத் தேய்த்து அடுத்த ஓட்டலைத் தேடினார். விரல் எங்கோ பட்டு, யாருக்கோ குதிரைச் சவாரி பதிவாகிவிட்டது.

"போதும்" என்றார் தலைமையாசிரியை. பள்ளிக்கூட மணி அடித்ததுபோல எல்லோரும் நின்றார்கள். "எனக்குப் பசிக்குது. அதோ அங்க போறோம்."

அவர் நீட்டிய கையின் திசையில் தெருமுனையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருந்தது. எழுத்து உதிர்ந்த பலகை, ஆவி படிந்த கண்ணாடிக் கதவு, வாசலில் ஈரக் குடைகளுக்காக ஒரு பிளாஸ்டிக் வாளி.

"அங்க வேணாம்!" என்று மகளும் பையனும் சேர்ந்து அலறினார்கள்.

"பாருங்க மேடம், ரெண்டு பேருக்கும் எப்படி ஒரே ரசனை!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், கிடைத்த கொஞ்ச நஞ்ச வாய்ப்பையும் விடாமல். தலைமையாசிரியை அதற்குள் சாலையைக் கடந்துவிட்டார்.

உள்ளே நாலைந்து மேசைகள்தான். மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அப்பாவின் தோளிலிருந்த ஈரத் துண்டை வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டாள். பையன் உணவு அட்டையைத் தலைகீழாகப் பிடித்துத் தீவிரமாகப் படித்தான். பரிமாற வந்தவர் வேலைக்குப் புதியவர்போல. எதைக் கேட்டாலும் விழித்தார். அவரைப் பார்த்ததும் மகள் பெருமூச்சு விட்டாள். பாவம், குழந்தைக்குப் பசி மயக்கம் என்று நினைத்துக்கொண்டார் அப்பா.

சூடாக வந்தது சாப்பாடு. முதல் கவளம் இறங்கியதுமே ஐந்து பேர் கையும் வேகம் பிடித்தது. போனில் இந்தக் கடைக்கு நட்சத்திரமே இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஆவி பட்டு மங்கிய கண்ணாடியைத் தலைமையாசிரியை கழற்றினார். அதன் ஒரு கால் தனியாகக் கழன்று தட்டில் விழுந்தது. கண்ணாடிக்கடைக்காரர் அதை எடுத்துக் கழுவித் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து பல்குச்சி அளவு திருப்புளியை எடுத்து, காலைப் பொருத்தி, மூக்குப்பகுதியையும் லேசாக வளைத்து, ரெண்டு கையாலும் நீட்டினார்.

"மேடம், இருட்டுல நான் பேசினது..."

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். அது மூக்கைவிட்டு இறங்காமல் நின்றது. முதல் தடவையாக அவர் சிரித்தார்.

"எத்தனையோ வருஷம் ஸ்கூலை நடத்தியிருக்கேன். ஒருத்தரும் என்கிட்ட மனசுல இருக்கிறதைச் சொன்னதில்லை. இருட்டுலயாவது நீங்க சொன்னீங்களே. உண்மை பேசுற குடும்பம்தான் எனக்கு வேணும். என் மகனும் அப்படித்தான். என்கிட்ட ஒளிவு மறைவே கிடையாது."

பையனுக்குப் புரையேறியது.

"என் பொண்ணும் அதே மாதிரிதான் மேடம்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "என்னைக் கேக்காம ஒரு செருப்புகூட வாங்க மாட்டா."

மகள் துண்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

"அப்ப பேசி முடிச்சிடலாமா சம்பந்தி?" என்றார் தலைமையாசிரியை.

சம்பந்தி! மனைவி மேசைக்கடியில் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். இந்தத் தடவை அது அவள் கைதானா என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு பெரிய மனிதரின் பெருந்தன்மையோடு இளசுகள் பக்கம் திரும்பினார்.

"எங்களுக்குச் சம்மதம். ஆனா உங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை. ஒருத்தரையொருத்தர் இன்னிக்குத்தான் பார்த்திருக்கீங்க. பேசிப் பழகி, நல்லா யோசிச்சு, அப்புறமா முடிவு சொல்லுங்க."

சமையலறைத் திரை விலகியது. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்த கடைக்காரம்மா அந்த மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அவர் முகம் மலர்ந்தது. நேராக வந்து மகளின் தலையிலிருந்த துண்டை உரிமையோடு விலக்கிவிட்டு, பையனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அடேயப்பா, போன வருஷம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்தைப் போட்டுட்டு நேரா இங்க வந்து சாப்பிட்டீங்களே, இப்பத்தான் பெரியவங்க ராசியானாங்களா?"