கொலைகாரனை முதலில் தொட்டவர்

தென்காசி வட்டாரத்தில், புத்தகம் எழுதியவர்களை விட்டுவிட்டு அதைக் கம்ப்யூட்டர் கோப்பாக்கி அனுப்பியவர்களைத் தேடிப்பிடித்துத் திட்டிய ஒரே மனிதர் எங்கள் புள்ளி அண்ணாச்சிதான். கதை நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். "முதல்ல அது எம் பெட்டிக்குள்ள போவுமா? அதச் சொல்லு" என்பார்.

நான் அங்கே ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது அவர் எங்கள் டெலிபோன் ஆபரேட்டர். கீழப்பாவூரிலிருந்து பஸ்ஸில் வருவார். பிறவியிலேயே கண் தெரியாது. மடியில் எப்போதும் ஒரு பிரெயில் பெட்டி இருக்கும். அதில் கோப்பை ஏற்றினால் ஒரு வரி அளவுக்குக் குட்டிக் குட்டிப் புள்ளிகள் எழும்பி நிற்கும். தடவிப் படித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினால் அடுத்த வரி எழும்பும். பெயர்க் காரணம் அதுதான். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

ஒருமுறை ஆசையாக ஒரு பிடிஎஃப் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டி வாயே திறக்கவில்லை. பக்கங்களைப் படம் பிடித்துச் செய்த கோப்பு அது.

"ஏலே, இது புஸ்தகமில்ல, புஸ்தகத்தோட போட்டோ. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பாட்ட போட்டோ எடுத்துக் கையில குடுத்தா பசியாறுமா?"

அடுத்த முறை படமில்லாத கோப்பாகத் தேடிக் கொடுத்தேன். அதில் யூனிகோடுக்கு முந்தின காலத்து எழுத்துரு; உள்ளே ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வேஷம். என் கண்ணுக்கு அழகான தமிழ். அவர் விரலுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

"நல்லாருக்குலே. வில்லன் என்ன பாஷை பேசுதான்?" என்றார்.

விரல்களை அவர் கவனித்துக்கொண்ட மாதிரி பாடகர்கள்கூடத் தொண்டையைக் கவனித்திருக்க மாட்டார்கள். குற்றாலத்துக்குப் போனால், எண்ணெய் தேய்ப்பவரிடம் உடம்பு முழுவதையும் ஒப்படைத்துவிட்டு, கைகளை மட்டும் போலீஸில் பிடிபட்டவர்போல மேலே தூக்கிக்கொள்வார். "விரல்ல எண்ணெ பட்டா புள்ளியெல்லாம் வழுக்கும்யா. நீரு மத்த இடத்தப் பாரும்." அருவிக்குள்ளும் அதே கோலம். பக்தி முற்றிவிட்டதென்று நினைத்துப் பக்கத்தில் குளித்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

ஆபீஸில் நாங்கள் எல்லோரும் துப்பறியும் நாவல் பைத்தியங்கள். புதுப் புத்தகம் வந்தால், கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்கிற மைதீன் கையில்தான் அது விழும். அண்ணாச்சிக்குப் பொருந்துகிற கோப்பு கிடைக்க மாதக்கணக்காகும். அதற்குள் மைதீன் டீ குடிக்கிற நேரத்தில் கொலைகாரன் பெயரை உளறித் தொலைப்பான்.

"எல்லாக் கொலையும் எனக்கு ஆறிப்போயிதான் வருது. ஒரே ஒரு தடவ, உங்களுக்கு முந்தி நான் அவனப் பிடிச்சிரணும்லே" என்றார் ஒருநாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கேலி இல்லை. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

ஒரு சாரல் சீசனில், நாங்கள் காத்திருந்த நாவல் வரப்போவதாகத் தெரிந்ததும் அண்ணாச்சி சென்னைக்குப் போன் போட்டார். எடுத்தது பதிப்பகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்.

"எம்மா, போட்டோ வேண்டாம். ஈபப்னு மின்புத்தகக் கோப்பு இருக்குல்லா, அதக் குடு. எழுத்து யூனிகோடா இருக்கணும். அத்தியாயம் அத்தியாயமாத் தாவுதமாரி இருக்கணும்."

மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு நிபந்தனை போட்டதில்லை. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டு, அச்சுப் புத்தகம் வெளிவந்த அன்றே கோப்பை அனுப்பிவிட்டாள். எங்கள் புத்தகம் அப்போதுதான் பார்சலில் ஏறியிருந்தது.

அண்ணாச்சி பெட்டியில் ஏற்றினார். தடவத் தடவ எண்ணும் குறியுமாக வந்தது. உடனே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவளோடு சேர்த்துத் தமிழ்ப் பதிப்பாளர்கள் அத்தனை பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது: முந்தின நாள் ஆங்கிலக் கதை படிக்கப் பெட்டியை ஆங்கில பிரெயிலுக்கு மாற்றியவர், தமிழுக்குத் திருப்பவே இல்லை. மறுபடியும் போன்.

"எம்மா, கோப்பு தங்கம். கோளாறு எம் மண்டையில."

அதற்கப்புறம் இடது கை பெட்டியில், வலது கை டெலிபோனில். மேனேஜர் தலைமை அலுவலகத்தைக் கேட்டால், "ரூம் காலி இல்ல சார்" என்று குற்றாலத்து லாட்ஜ் பதில் சொன்னது.

மறுநாள் மத்தியானம் பார்சல் வந்துவிட்டது. அண்ணாச்சிக்கு இன்னும் கடைசி அத்தியாயம் பாக்கி. மைதீன் கவரைக் கிழித்து, வழக்கம்போல் பின்பக்கத்திலிருந்து புரட்டப் போனான். நான் பாய்ந்து பிடுங்கி, என் நாற்காலியில் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டேன்.

"கோட்டி பிடிச்சிட்டாலே ஒனக்கு?" என்று, பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து மைதீன் கத்தினான். நான் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் டெலிபோன் மணி அடிக்க ஆரம்பித்தது. முதலில் மைதீன் மேஜை. எடுத்தவன் முகம் தொங்கிப்போனது.

"கொலைகாரன் பேரச் சொல்லிட்டு வச்சிட்டாருலே!"

அடுத்து கேஷியர். அடுத்து, வாழ்நாளில் நாவலே தொடாத மேனேஜர். ஒருவரையும் விடவில்லை. ஆபரேட்டர் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

கடைசியில் என் டெலிபோன் அடித்தது. எனக்கடியில் புத்தகம் புதுசாக இருந்தது. ஒரு பக்கம்கூட நான் புரட்டவில்லை. எடுக்காமல் இருந்திருக்கலாம். மனசு வரவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றேன். "யாரு?"