சகலனின் காரும் நான் பூட்டிய காற்றுக் குழாயும்

நான் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, யாருடைய குடும்ப விஷயத்திலும் மூக்கை நுழைப்பதில்லை. ஆனால் என் மனைவியின் அக்காவைக் கட்டிய தயாபரன் அண்ணை ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் எனக்கு வயிறு எரியும். இதை ஒத்துக்கொள்வதில் இப்போது வெட்கமில்லை. வயது போய்விட்டது, வயிறும் பழகிவிட்டது.

யுத்த காலம். நாங்கள் வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாமா மாமி இருந்த அதே ஃபிளாட்டின் கீழ்த்தட்டில் குடியிருந்தோம். தயாபரன் அண்ணை தெஹிவளையில். அவருக்கு என்னைவிட நல்ல உத்தியோகம், என்னைவிட நிறையத் தலைமயிர், சிங்களவர்களே மயங்கும் சிங்களம். யாரிடமும் செல்போன் இல்லாத நாளிலேயே இஸ்திரிப்பெட்டி அளவில் ஒன்றைக் கையில் கொண்டு திரிந்தார். இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். (பொய். ஒன்றையும் பொறுக்கவில்லை.) பிறகு அவர் ஜப்பானில் இருந்து இறக்கிய வெள்ளை நிற டர்போ கார் ஒன்றை வாங்கினார். நான் தலைகீழாக நின்று ஆறாம் மாதம் அதே மாதிரியில் அதே வெள்ளையில் ஒன்று வாங்கினேன்.

ஆனால் அவருடைய கார் ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் போடும். ஒழுங்கைக்குள் திரும்பும்போது அந்தச் சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்கும். உடனே மாமி அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தலை வைப்பார்.

“அத்தான்ர கார் வாற எடுப்பைப் பாருங்கோ. உங்கட கார் வந்து நிண்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது” என்றாள் என் மனைவி. அவள் சும்மாதான் சொன்னாள். நான் அன்று சோறு தின்னவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமி வீட்டின் கடைசிப் பெண்ணுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை குகன், கொட்டாஞ்சேனை. எங்கள் பக்க வழக்கப்படி பெண்ணின் சகோதரன் போய் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வரவேண்டும். பெண்ணுக்குச் சகோதரன் இல்லை. மருமக்கள் இரண்டு பேர் இருக்கிறோம். மாமி யோசிக்கவே இல்லை.

“மூத்த மருமோன் போகட்டும். அவற்ர கார்தான் வடிவு.”

இரண்டும் ஒரே கார்! நான் மனைவியைப் பிடித்துக் கெஞ்சினேன், கோபித்தேன், இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். கடைசியில் மாமி இறங்கி வந்தார். “சரி, சின்னவர் போகட்டும். நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லு, முகூர்த்தம் பத்தரைக்கு முடியுது.” தயாபரன் அண்ணை சிரித்துக்கொண்டு, “தம்பி போகட்டும் மாமி, எனக்கு மண்டபத்தில வேலை கிடக்கு” என்றார். அந்தப் பெருந்தன்மைதான் என்னை இன்னும் எரித்தது.

மாப்பிள்ளையோடு வந்து இறங்கும்போது என் காரும் புஸ்ஸென்று சொல்லவேண்டும், அதுவும் அவருடையதைவிடப் பெரிதாக. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை ஒன்றுக்குப் போனேன். முதலாளி ஒரு வளைந்த அலுமினியக் குழாயையும், கூம்பு வடிவில் சிவப்பு வடிகட்டி ஒன்றையும் எடுத்து வைத்தார்.

“காத்து போற அந்தக் கறுப்புப் பெட்டிதான் சேர் சத்தத்த அமுக்கி வச்சீக்கி. அதக் கழட்டிட்டு இதப் பூட்டுங்க. டர்போ மூச்சு விடுறது தெருவுக்கே கேக்கும். வெலயும் மலிவு. ஆனா ஒங்கட காருக்குக் காத்து அளக்குற சென்சர் ஈக்குமே, அதுக்கு வேற வளையம் வேணும். அது அடுத்த கிழமதான் வரும்.”

அடுத்த கிழமை கலியாணம் முடிந்துவிடும். “அதெல்லாம் நான் பாத்துக்கொள்ளுவன்” என்றேன், பிறந்த நாள் முதல் சென்சரோடு புழங்கியவன் போல. உண்மையில் நான் கப்பல் கொம்பனி ஒன்றில் கோப்பு அடுக்குபவன். ஸ்குரூ டிரைவரை நான் கடைசியாகப் பிடித்தது ரேடியோவுக்கு பற்றரி மாற்ற.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஃபிளாட்டின் வாகனத் தரிப்பிடத்தில் வேலை நடந்தது. பெட்டியைக் கழற்றினேன், குழாயைப் பூட்டினேன். சென்சர் தொளதொளவென்று ஆடியது. இன்சுலேஷன் டேப் ஒரு சுருள் முழுவதையும் சுற்றினேன். காரை முடுக்கினேன். புஸ்ஸ்ஸ்! நான் பக்கத்து வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

மிஞ்சியது அந்தக் கறுப்புப் பெட்டி. ஜப்பான் ஒரிஜினல், எறிய மனம் வரவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோனால் மனைவி கேள்வி கேட்பாள். ஆகவே பழைய பேப்பரில், தமிழ்ப் பேப்பரில், நன்றாகச் சுற்றினேன். இரண்டு பக்கமும் டேப் ஒட்டினேன். இன்னும் இறுக்கமாக இருக்கட்டும் என்று வயர் ஒன்றால் கட்டினேன். ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டருக்குப் பின்னால், உள்ளே தள்ளி வைத்தேன். அனாதையாகக் கிடக்கும் பொதிகளைக் கண்டால் பொலிசுக்குச் சொல்லுங்கள் என்று ரேடியோ நாளுக்குப் பத்துத் தரம் கத்திக்கொண்டிருந்த ஊரில், படித்த மனிதன் ஒருவன் இதைச் செய்தான்.

காலையில் கொட்டாஞ்சேனைக்குப் போனது ராஜபவனி. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வான் வண்டியில் முன்னாலேயே புறப்பட்டுவிட்டார்கள். பட்டு வேட்டி, தலைப்பாகையோடு குகன் பின்னால் ஏறினான், கூட அவன் தோழன். மிதித்தேன். புஸ்ஸ்ஸ்!

“அண்ணை, கார் சோக்கா இருக்கு” என்றான் குகன். அன்றைக்கு முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

மிதிக்கும்வரை கார் பறந்தது. காலை எடுத்தால் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு அப்படியே செத்துவிடும். காலை எடுக்காமல் கொழும்பில் எப்படி ஓடுவது? அரை மைலுக்கு ஒரு சோதனைச் சாவடி. முதல் சாவடியில் நின்றது, முடுக்க மறுபடி உயிர் வந்தது. இரண்டாவதில் தோழன் இறங்கித் தள்ளினான். பம்பலப்பிட்டிச் சாவடியில் சரியாக ஆமிக்காரன் காலடியில் செத்தது, பிறகு அசையவே இல்லை.

ஆமிக்காரன் பொனட்டைத் திறக்கச் சொன்னான். உள்ளே டேப் சுற்றிய குழாயைக் கண்டதும் ஒரு அடி பின்னுக்குப் போனான். “மே மொகக்த?” இது என்ன என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் காற்று என்பதற்கு மட்டும்தான் சொல் இருந்தது.

“ஹுலங், சேர். ஹுலங்.”

அவன் என்னையும் குகனின் தலைப்பாகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காரை ஓரத்துக்குத் தள்ளச் சொன்னான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் தள்ளினான்.

“அண்ணை, ஓட்டோ ஒண்டு பிடிப்பமோ? கிட்டத்தானே” என்றான் குகன். நேரம் ஒன்பதரை. புத்தியுள்ளவன் பிடித்திருப்பான். ஓட்டோவில் மாப்பிள்ளை வந்து இறங்க, தயாபரன் அண்ணை வாசலில் நின்று சிரிக்கும் காட்சி என் கண்ணில் வந்தது. “மாப்பிள்ளை ஓட்டோவில போறதோ? பேசாம இரும்” என்று அதட்டினேன்.

பக்கத்து ஒழுங்கையில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானா வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். “அளக்காத காத்து உள்ளுக்குப் போகுது சேர், அப்ப எஞ்சின் எப்பிடி நிக்கும்? ஒரிஜினல் பெட்டி ஈக்கா? கொண்டாங்க, பத்து நிமிஷத்துல பூட்டித் தாறன்.”

பெட்டிதான் இருக்கிறதே! காசுக்கு டெலிபோன் எடுக்கும் கொமினிகேஷன் கடைக்கு ஓடி வீட்டுக்கு அடித்தேன். மணி போனது, எடுப்பாரில்லை. மாமி வீட்டிலும் இல்லை. வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இஸ்திரிப்பெட்டி நம்பருக்கு அடித்தேன்.

“தம்பி, எங்க நிக்கிறீர்?” தயாபரன் அண்ணையின் குரலில் பதற்றம். “பொம்பிளையை ஏத்த வந்தனான், இஞ்ச ஒழுங்கை முழுக்க ஆமி. எல்லாரையும் வெளியால எடுத்துப்போட்டாங்கள். பொம்பிளை கூறைச்சீலையோட காலி வீதிச் சைவச் சாப்பாட்டுக் கடையில இருக்கிறா. படிக்குக் கீழ பார்சல் ஒண்டாம்.”

“என்ன பார்சல்?”

“தமிழ்ப் பேப்பர் சுத்தி வயரால கட்டிக் கிடக்காம்.”

“அண்ணை... அது என்ர காரின்ர பெட்டி.”

“அங்கையே நில்லும், ஒருத்தரோடயும் கதைக்காதையும்” என்றார்.

ஏழே நிமிடத்தில் வந்தார், புஸ்ஸென்று. என் காரை நானாவிடம் விட்டோம். குகனையும் தோழனையும் பின்னால் ஏற்றினார், என்னை முன்னால் இருத்தினார். ஒரு ஏச்சு இல்லை. ஏசியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். வாய் சும்மா இராமல், “அண்ணை, இந்தச் சத்தம் வர நீங்கள் என்ன பூட்டினனீங்கள்?” என்று கேட்டேன்.

“எந்தச் சத்தம்? ஓ, அதோ? டர்போப் பைப் ஒண்டு வெடிச்சுக் கிடக்கு. வாங்கின நாளில இருந்து காத்து ஒழுகுது. மாத்த நேரமில்லை, பெரிய வெக்கக்கேடு.”

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

குகனை மண்டபத்தில் இறக்கிவிட்டு ஒழுங்கை முனைக்குப் போனோம். நாங்கள் இறங்கவும் உள்ளே ‘டொம்’ என்று கேட்டது. பொதியை ஆமி வெடிக்கவைத்துவிட்டது, ஜப்பான் ஒரிஜினல் போய்விட்டது. அதிகாரி ஒருவர் கருகிய பிளாஸ்டிக் துண்டோடு வந்து, யாருடையது என்று கேட்டார். என் அடையாள அட்டையை வாங்கினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதைப் படித்துவிட்டுத் திரும்பவும் படித்தார். இதைவிடச் சின்ன விஷயத்துக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாதவர்களை எனக்குத் தெரியும். அப்போதுதான் சத்தியமாகப் பயந்தேன். கலியாணம், கார், மாமி எல்லாம் மறந்துபோய், என் மனைவியை இனி எப்போது பார்ப்பேன் என்று மட்டும் நினைத்தேன்.

தயாபரன் அண்ணை எனக்கு முன்னால் வந்து நின்றார். தன் அட்டையையும் எடுத்து நீட்டினார். என் தோளில் கையைப் போட்டு, “மகே மல்லி, மாத்தயா” என்றார். என் தம்பி, ஐயா என்று சொன்னார். பிறகு அந்த அழகான சிங்களத்தில் பெட்டி, காற்று, கலியாணம், என் மடத்தனம் எல்லாவற்றையும் விளக்கினார். இவனுக்கு ஏதும் என்றால் என்னையும் கொண்டுபோங்கள் என்றும் சொன்னார். அதிகாரி கடைசியில் சிரித்துவிட்டார். மறுநாள் இருவரும் வந்து வாக்குமூலம் எழுதவேண்டும் என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய அதே நேரத்தில், இந்த மனிதனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு நல்ல சிங்களம் வந்தது என்றும் வயிறு எரிந்தது.

சாப்பாட்டுக் கடையில் இருந்த பெண்ணை அண்ணைதான் காரில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார், பத்து இருபதுக்குத் தாலி ஏறியது. மாமி தயாபரன் அண்ணைக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

இன்றைக்கும் வீட்டுக்கு மிக்ஸியோ மின்விசிறியோ எது புதிதாக வாங்கினாலும் மனைவி கேட்கும் முதல் கேள்வி, “பழசை எங்க வைச்சனீங்கள்?” குடும்பம் கூடினால் குகன் அந்தக் காலையைச் சொல்லத் தொடங்குவான். வருடத்துக்கு வருடம் ஆமி ட்ரக்குகள் கூடுகின்றன, பெட்டி வெடித்த சத்தம் இப்போது மொறட்டுவை வரைக்கும் கேட்கிறது. நானும் சேர்ந்து சிரிக்கிறேன். பெட்டி என்னுடையது, டேப் என்னுடையது, அவமானமும் முழுக்க என்னுடையது. அந்தக் கதையிலும் கதாநாயகன் அவர்தான் என்பதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.